நீலக் கதவு

செங்குளம் விலக்குக்கு இன்னும் எத்தனை ஸ்டாப் என்று எங்கள் களப்பணி ஆசிரியை நசீமா மேடம் கேட்டார், நாலு மேடம் என்றேன், சொல்லி முடித்த பிறகுதான் எத்தனை என்று எனக்குத் தெரியாது என்பதே உறைத்தது. மூன்றாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம், ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கவும்கூடும். ஐந்து வாரமாக இந்த வாய்க்கு இதே வேலையாகிவிட்டது, யாராவது கேட்டால் உடனே ஒரு பதில், பதிலோடு ஒரு சின்ன விவரம், விவரம் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதை எங்கே படித்தேனோ தெரியவில்லை, சமூகப்பணி முதுகலையின் நாலு செமஸ்டரில் எந்தப் பேப்பரிலும் அது இல்லை. மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், மடியில் என்னுடைய ரிப்போர்ட் ஃபைல், வெயில் ஃபைல் மேல் விழுகிறது. வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இந்த டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலி. இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் நிற்கும், மேடம் மூட்டுவலிக் காலை மெதுவாக ஊன்றி இறங்குவார், இறங்கியதும் என்னைப் பார்த்து, எந்தப் பக்கம் புஷ்பம் என்று கேட்பார், அவ்வளவுதான், அந்த ஒரு கேள்வியோடு என் கதை முடிந்தது. ஏனென்றால் வள்ளிமயிலின் வீட்டுக்கு நான் போனதே இல்லை. போனதாக எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த எட்டுப் பக்கம்தான் மேடத்தின் மடியில் இருக்கிறது.

வாரத்தில் செவ்வாயும் வியாழனும் எங்களுக்குக் களப்பணி, ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் வார்டு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஜோல்னாப் பை, அதைப் பார்த்துத்தான் வள்ளிமயில் முதல் நாளே என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள், டீச்சர் இல்லை அக்கா, நான் இன்னும் படிக்கிறேன் என்றேன், சரி டீச்சர் என்றாள். முப்பத்தாறு வயது, பீடி சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் இலை வெட்டி வெட்டி மஞ்சளேறி இருக்கும், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுக்காரர் கேரளாவில். டிபி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு நாள் விடக்கூடாது, விட்டால் அடுத்த தடவை மருந்தே கேட்காமல் போகலாம் என்று நான்தான் அவளுக்கு மருந்து விளக்க அட்டையைக் காட்டி விளக்கினேன், ஒருவர் இருமுகிற படம், குடும்பமே சிரிக்கிற படம், எல்லாம் காட்டினேன். வீட்டுக்குப் போகிற அன்று அவள் என் கையைப் பிடித்தாள், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் இருந்தார், அவரைக் கண்ணால் காட்டிவிட்டுக் குரலை இறக்கினாள். "ஒரு சங்கதி கேக்கணும் டீச்சர். இங்க வச்சு வாய்விட்டுக் கேக்க முடியாது. வீட்டுக்கு ஒருக்கா வருவியளா? வியாழக்கெழமன்னா நான் பீடி கொடுக்கப் போவமாட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கேன்." கண்டிப்பாக வருகிறேன் அக்கா என்றேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்போது போவதாகத்தான் இருந்தேன், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இப்போது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், அப்போது போவதாகத்தான் இருந்தேன், அப்போது போவதாகத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் டிபார்ட்மெண்ட் வாட்ஸாப்பில் செய்தி வந்தது, சென்னையில் ஒரு பெரிய தொண்டு நிறுவனம், நாளைக் காலை பத்து மணிக்குக் கல்லூரியிலேயே நேர்முகம், ஆறு பேரை எடுக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு வருடமாகச் சோசியல் ஒர்க் என்றால் என்ன என்று விளக்கி விளக்கி என் நாக்கு தேய்ந்திருந்தது, இதெல்லாம் ஒரு படிப்பாம்மா, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒண்ணுன்னா நாங்க ஓடல்லியா, அதுக்குப் போயி பட்டமா என்பார். நேர்முகத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன், இல்லை, இப்போது அதே புதன்கிழமை திரும்பி வந்தாலும் போவேன், அந்த அளவுக்காவது என்னிடம் உண்மை இருக்கட்டும். மேடத்துக்குச் செய்தி அனுப்பி இன்று களப்பணிக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தால் போதும், ஒரு நாள் வருகை குறையும், வேறு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு ஏற்கெனவே மூன்று நாள் குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஹாஸ்டலில் ரூம்மேட் தூங்கிய மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன், நாலு வரியில் முடித்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் ஃபாரத்தில் வீட்டின் அமைப்பு என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே நீலக் கதவு என்று எழுதினேன். எங்கள் வீட்டுக் கதவு நீலம். அப்புறம் நிற்கவில்லை. எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல் போயிற்று, எங்கள் அம்மா போடுகிற சுக்குப் போட்ட டீ போயிற்று, ஹாஸ்டல் பூனைகூட அங்கே போய் முறத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ரிப்போர்ட்டின் கடைசியில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதை நாடகம் மாதிரி வரி வரியாக எழுத வேண்டும், அதுதான் எங்கள் படிப்பில் முக்கியமான பகுதி, மேடம் அதைத்தான் முதலில் படிப்பார். அவள் கேட்க நினைத்த சங்கதி என்ன என்று எழுதியாக வேண்டுமே, மகளின் படிப்பு உதவித்தொகை பற்றிக் கேட்டாள், விளக்கினேன் என்று எழுதினேன். மாத்திரை? வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். புறப்படும்போது அவள் சொன்னது: நீங்க ஒருத்திதான் டீச்சர் என்னத் தேடி வந்திருக்கிய. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

மேடம் ஃபைலைத் திறக்கிறார். வேண்டாம் மேடம். கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டாம் பக்கத்தைப் புரட்டுகிறார், ஓரத்தில் அவரே சிவப்பு மையில் எழுதியது, நல்ல கவனிப்பு, மறுபடி ஒரு முறை, மிக நல்ல கவனிப்பு. இரண்டு வருடத்தில் எனக்கு அவர் போட்ட ஒரே மிக. உண்மையாகப் போய்வந்த பதினேழு வீடுகளின் ரிப்போர்ட்டிலும் மேலோட்டமாக உள்ளது, இன்னும் கவனிக்கவும் என்றுதான் எழுதியிருந்தார், அந்த வீடுகளில் வெயிலும் புழுக்கமும் பேசப் பிடிக்காத மனிதர்களும் இருந்தார்கள், எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சென்னைக்காரர்கள் இரண்டாவது சுற்றில் நீங்கள் எழுதியதில் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றபோது இதைத்தான் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரிய அதிகாரி கடைசி வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். ஜூன் மாதம் சேர வேண்டும். அப்பா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். "பூனை பத்தி எழுதியிருக்கே பாரு, அத நான் ஜூனியர்ஸ்கிட்ட படிச்சுக் காட்டினேன் புஷ்பம்," என்கிறார் மேடம், பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து என் கையில் வைக்கிறார். திட்டுகிற மேடமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மிட்டாய் வாயில் கரைய மறுக்கிறது, துப்பவும் முடியவில்லை, நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன், கருவேலமரம், கருவேலமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, மறுபடி கருவேலமரம். வைவா வாய்மொழித் தேர்வுக்கு இந்தக் கேஸையே வைப்போம், அதற்கு முன்னால் நானும் ஒரு தடவை அந்தம்மாவைப் பார்த்துவிடுகிறேன் என்று மேடம் சொன்ன திங்கட்கிழமையிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் போயிருக்கலாமே என்று கேட்கிற ஒருத்தி எனக்குள் இருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போகத்தான் இருந்தேன், அதற்குள் மேடம் படித்துவிட்டார், பாராட்டிவிட்டார், ஒருமுறை போய்வந்ததாக எழுதிய வீட்டுக்கு முதல்முறையாக எப்படிப் போவது, போனால் அவள் ஏன் டீச்சர் அன்னைக்கு வரலை என்பாள், அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட்டால் நான் எழுதியது பொய்தான் என்று ஆகிவிடும், கேட்காதவரைக்கும் வெறும் எழுத்துத்தானே. இப்படி ஒரு கணக்கு. ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல் உண்டு, வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்தாயிற்று என்றால் அந்தப் பெயருக்கு நேரே டிக் போடுவார்கள், டிக் விழுந்த வீட்டுக்கு அப்புறம் வேறு யாரும் போக மாட்டார்கள், இருக்கிற நாலு பேர் டிக் இல்லாத வீடுகளுக்கு ஓட வேண்டும். வள்ளிமயில் பெயருக்கு நேரே டிக் இருக்கிறது. நான் சொல்லித்தான் போட்டார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன், பச்சை மை. மாத்திரை நிறுத்தியிருந்தால்? நிறுத்தியிருக்க மாட்டாள். அட்டையைக் காட்டி அவ்வளவு விளக்கினேனே. ஆனால் என்ன சங்கதி அது, பெரியவர் காதில் விழக்கூடாத சங்கதி, நோயைச் சேர்ந்ததாக இல்லாமலும் இருக்கலாம், வீட்டுக்காரரைப் பற்றி இருக்கலாம், ஏதாவது பயங்கரமாக இருந்து அவள் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ஏதாவது செய்துகொண்டிருந்தால். ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் சாமியானா கட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலிகள், சாவு வீடோ என்று எட்டிப் பார்க்கிறேன், வாசலில் வாழை மரம் தெரிந்த பிறகுதான் அது கல்யாண வீடு என்று மூச்சு வந்தது. மூச்சு வந்த அதே நொடியில் இன்னொன்றும் ஓடியது, அவள் இல்லாமல் போயிருந்தால் நான் வரவில்லை என்று சொல்ல ஆள் இருக்காதே என்று. ஓடியது. நான் நினைக்கவில்லை, அதுவாக ஓடியது என்று சொல்லிப் பார்க்கிறேன். மனிதர்களுக்கு உதவி செய்யப் படிக்கிறவள் நான். பஸ்ஸில் யாராவது என் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன், மேடம் வாந்தி வருதாம்மா என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், தலை சுற்றுகிறது, இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தேன், அதற்குள் கண்டக்டர் செங்குளம் விலக்கு யாரு இறங்கணும் என்று கத்தினார்.

எந்தப் பக்கம் புஷ்பம் என்று மேடம் கேட்டார். நான் பஸ்ஸில் நினைத்த அதே வார்த்தை. ஒரு டீக்கடை, ஒரு பீடி இலைக் கடை, மூன்று தெருக்கள். மேற்கூரை போட்ட பஸ் ஸ்டாப்பில் கல் பெஞ்சு ஒன்று, அதில் இப்போது யாரும் இல்லை, அன்றைக்கு அவள் அதில்தான் உட்கார்ந்திருப்பாள், அல்லது நிற்கிறேன் என்றுதானே சொன்னாள், நின்றிருப்பாள். கிழக்குத் தெரு என்று விலாசத்தில் இருந்தது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டதில் எனக்குக் கிழக்கு எது என்று பிடிபடவில்லை, டீக்கடையில் கேட்கலாம், ஆனால் வந்துபோன வீட்டுக்கு வழி கேட்பார்களா, இப்படி மேடம் என்று இடது தெருவில் நடந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிட நடை என்று எழுதியிருக்கிறேன், எங்கள் வீட்டுக்கு அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போகிறேன், பச்சை, காவி, வெறும் மரம், பச்சை, ஆண்டவரே ஒரே ஒரு நீலக் கதவு, உள்ளே யார் இருந்தாலும் பரவாயில்லை. மேடம் பின்னால் காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்கிறது. தெரு ஒரு கண்மாய்க் கரையில் போய் முடிந்துவிட்டது. திரும்பாமல் நின்றேன். அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் என்றைக்காவது ஏதாவது நடந்து இது தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

"டீச்சர், அங்குட்டு இல்ல, இங்குட்டு வாங்க." பின்னால் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றாள் வள்ளிமயில். உயிரோடு இருந்தாள், அந்தச் சந்தோஷம் ஒரு நொடி நிஜமாகவே வந்தது, அடுத்த நொடி அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்தேன், வார்டில் இருந்ததைவிடப் பாதியாக இருந்தாள். வழி மறந்திட்டியா புஷ்பம் என்றார் மேடம். நான் பதில் தேடுவதற்குள் வள்ளிமயில் சிரித்தாள், "போன தடவையும் இப்படித்தாம்மா முழிச்சிட்டு நின்னாவ," என்றாள். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள், பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டின் முன் நின்றாள், கதவே இல்லை, துருப்பிடித்த தகரத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். மேடம் தகரத்தைப் பார்த்தார், நீலக் கதவு என்று எழுதியிருந்தாயே என்று என்னிடம்தான் கேட்டார், அதற்கும் அவளே பதில் சொன்னாள், பழசாகி இற்றுவிட்டது, போன மாதம் கழற்றிவிட்டோம் என்று. மகள் படிப்பு விஷயம் கேட்டீர்களாமே என்றார் மேடம் அவளிடம். ஆமாம்மா, டீச்சர் விவரமாகச் சொன்னார்கள். மாத்திரை? "வேளாவேளைக்கி ஒழுங்காச் சாப்பிடுதேம்மா." என் எழுத்து அப்படியே, ஒரு சொல் பிசகாமல். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அந்தப் பார்வையில் பெருமை இருந்தது, நான் தப்பித்துவிட்டேன். ஐந்து வாரமாக எதற்கு நடுங்கினேனோ அது முடிந்துவிட்டது, ஜூன் மாதம் சென்னை, அப்பா, எல்லாம் பத்திரம். ஆனால் முதுகில் வேர்வை நிற்கவில்லை. இவள் ஏன் எனக்காகப் பொய் சொல்கிறாள், கழுத்தில் அட்டை மாட்டி வருகிறவர்களிடம் என்ன சொன்னால் சீக்கிரம் எழுந்துபோவார்கள் என்று பழகியவளா, பிள்ளை மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற இரக்கமா, தெரியவில்லை. அவள் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள், அதற்குள் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள், இருமி முடிய வெகுநேரம் ஆயிற்று. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவர்களின் இருமல் எப்படி இருக்கும் என்று ஆறு மாதம் வார்டில் கேட்டிருக்கிறேன். மேடம் பேனாவைத் திறந்து ஃபைலில் ஏதோ குறிக்கப் போனார், இன்னொரு டிக், அவ்வளவுதான், எழுந்து போய்விடுவோம், இனி இந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

"நான் அன்னைக்கு வரல மேடம்," என்றேன். "இன்னைக்குத்தான் முதல்தடவையா வர்றேன்." மேடத்தின் பேனா ஃபைல் மேலேயே நின்றது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவள் பக்கம் திரும்பினேன். அக்கா, ஆஸ்பத்திரியில் ஒரு சங்கதி கேட்க வேண்டும் என்று சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டேன். வள்ளிமயிலுக்குக் கோபம் வந்துவிட்டது, காப்பாற்றியவளைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள், பிறகு மேடத்தைப் பார்த்தாள், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே துவைக்கிற கல்கூட இல்லை, நாலு செங்கல்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "ஒண்ணுக்குப் போனா செகப்பாப் போவுது டீச்சர். அந்த மாத்திர போட ஆரம்பிச்சதுலேருந்து. உள்ளுக்குள்ள என்னமோ அறுத்து ரத்தமா வருதுன்னு பயந்து நிறுத்திட்டேன். பொம்பளப் பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் யாருட்டப் போயிக் கேக்க." அது ரத்தம் இல்லை, மாத்திரையின் நிறம், இந்த மாத்திரை போடுகிற எல்லாருக்கும் அப்படித்தான் போகும், ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். நான் காட்டிய அதே அட்டையின் பின்பக்கத்தில் அது ஒரே வரியாக இருக்கிறது, நேரமில்லை என்று அன்று நான் அட்டையைத் திருப்பவில்லை. எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன், நீங்க வாரேன்னு சொன்ன வியாழக்கெழமதான் என்றாள். இப்பவே கிளம்புங்க அக்கா, வந்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவள் செங்கல் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"அம்புட்டுதானா," என்றாள். "இதக் கேக்கத்தான் டீச்சர் அன்னைக்கு ஒரு மணி வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு நின்னேன்."

முன்பக்கத்திலிருந்து மேடம் என் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார், தங்கபுஷ்பம் என்று. வாரேன் மேடம் என்றேன். வள்ளிமயில் எழுந்திருக்கக் கை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டேன், கையில் கனமே இல்லை.